மாத்திரை டப்பாவை ஒளித்துவைக்காதே

அன்புள்ள மலர்விழிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "நோய்கூடப் பரவாயில்லை பெரியம்மா, இந்த மாத்திரைதான் என்னைப் படுத்துது. ஒரு மாசம் விட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றாய். உன் அம்மா பக்கத்திலேயே இருந்ததால் கேட்க நினைத்த எதையும் கேட்க முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் உனக்கும் எனக்கும் ஒரே மாதிரி மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சுருங்கிய மைட்ரல் வால்வு, அதன் பின்னாலேயே வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். என் இ.சி.ஜி.யில் அது முதன்முதலாகத் தெரிந்தபோது எனக்கு 41 வயது. உனக்கு 24 வயதிலேயே வந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது எனக்கு 58. மாத்திரையால் பட்டதும் உண்டு, மாத்திரையை விட்டுப் பட்டதும் உண்டு.

நீ சொன்ன அசதியை முதலில் நம்புகிறேன். காலையில் எழுந்ததும் உடம்பு ஈரச்சாக்கு மாதிரி கனப்பது, கை கால் சில்லிடுவது, கெட்ட கனவில் விழித்துக்கொள்வது எல்லாம் மெட்டோப்ரோலால் செய்யக்கூடியவைதான். சோம்பேறி என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதே. ஆனால் அந்த மாத்திரை உனக்கு என்ன செய்து தருகிறது என்பதையும் தெரிந்துகொள். இந்த நோயில் இதயத்தின் மேலறை நிமிஷத்துக்கு 350 முதல் 600 தடவை வரை நடுங்குகிறது. அத்தனையும் கீழறைக்கு வருவதில்லை. நடுவில் இருக்கும் கணு வடிகட்டித்தான் அனுப்புகிறது. வடிகட்டியும் நாடி 130, 140 என்று ஓடினால் நம் மாதிரி ஆட்களுக்கு ஆபத்து. சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் இறங்க நேரம் வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் கிடைப்பதுதான் அந்த நேரம். அது குறைந்தால் இறங்காத ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலை நனைக்கும். உன் மெட்டோப்ரோலால் அந்த இடைவெளியைத்தான் கூட்டித் தருகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன் பெரிய அண்ணன் கல்யாணத்தில் சுறுசுறுப்பாக ஓடியாட வேண்டும் என்று மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. முகூர்த்தத்தன்று பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. படுக்க முடியவில்லை, இருமினால் நுரை. தாலி கட்டியதைப் பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. கண் விழித்தது தீவிர சிகிச்சைப் பிரிவில். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால், அதுவரை அடங்கியிருந்த நாடி முன்பைவிட வேகமாகப் பாயும் என்று அங்கேதான் எனக்குச் சொன்னார்கள்.

அசதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்ல வரவில்லை. டாக்டரிடம் போய், "டயர்டா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். வெளியே எண்பது பேர் காத்திருக்கிறார்கள். நீ ஒரு நாற்பது பக்க நோட்டு போடு. மாத்திரை போட்ட நேரம், உட்கார்ந்திருக்கும்போது நாடி எவ்வளவு, மாடி ஏறினால் எவ்வளவு, எந்த நேரத்தில் அசதி என்று எழுது. நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணு; தாளம் தப்பும் நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பாகும். அந்த நோட்டை அவர் முன்னால் வைத்தால் பேச்சே மாறிவிடும். அளவைக் குறைக்கலாம், ராத்திரிக்கு மாற்றலாம், வேறு மாத்திரை தரலாம். எனக்கு மூன்று தடவை மாற்றிய பிறகுதான் ஒத்துவந்தது.

அடுத்தது வார்ஃபரின். அது எலி மருந்தாமே என்று கேட்டாய். ஆமாம். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான் இது. முதலில் எலிக்கு வைத்தார்கள். 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். எல்லாமே அளவில்தான் இருக்கிறது. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின். பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை இருக்கிறதே என்று உன் தோழி சொன்னது பலருக்குச் சரி, நமக்கு இல்லை. ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை 24 நாடுகளில் சேர்த்து நடத்திய இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்சபானை எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடம்தான் சாவு குறைவாக இருந்தது.

ஆகவே ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். நம் டாக்டர் வைத்திருக்கும் எல்லை 2-இலிருந்து 3. கீரையே ஆகாது என்று யாரோ சொல்லி நீ ஆறு மாதமாக முருங்கைக்கீரையைத் தொடவில்லையாமே, அது வேண்டாத பட்டினி. வாரத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு என்று ஒரே அளவில் சாப்பிடு. ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்பதுதான் கெடுதல். கீரையைவிடப் பயப்பட வேண்டியது மருந்துக்கடையைப் பார்த்துத்தான். வயிற்றுப்போக்குக்கு நாமே வாங்கிப் போடும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். எனக்குத் தாளத்தைச் சரிசெய்ய அமியோடரோன் சேர்த்தார்கள். அதுவும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை, பார்த்தால் ஐ.என்.ஆர். 6-ஐத் தாண்டியிருந்தது. ஒரு வருஷம் கழித்து முடி கொட்டி, முகம் உப்பி, வெயிலிலும் குளிர ஆரம்பித்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அமியோடரோனில் அயோடின் நிறைய இருக்கிறது, அது தைராய்டைக் கெடுத்திருந்தது. நாளைக்கு உனக்கும் அதை எழுதினால் தைராய்டு, கல்லீரல், நுரையீரல் பரிசோதனைகளை எப்போது செய்ய வேண்டும் என்று அன்றே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்.

இப்போது உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் கேட்காததைக் கேட்கிறேன். மாதவிடாய் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வந்தபோது நீ வெளிறிப்போயிருந்தாய், படியேற நின்று நின்று ஏறினாய். அசதி முழுவதும் மெட்டோப்ரோலாலால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. வார்ஃபரின் எடுக்கும் பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாவது சாதாரணம். அதை வாய்விட்டுச் சொல்லும் பெண்தான் அபூர்வம். ரத்தசோகை வந்தால் இதயம் இன்னும் வேகமாக ஓடும், அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது. எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்பதையும் அதே நோட்டில் எழுது. ஆண் டாக்டராக இருந்தாலும் சொல். சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டு. ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், மகப்பேறு டாக்டரிடம் அனுப்புவார்கள், குறைக்க வழி இருக்கிறது. கோயில் விசேஷத்துக்குத் தள்ளிப்போடும் மாத்திரையோ, ரத்தத்தை நிறுத்தும் மாத்திரையோ கடையில் கேட்டு வாங்காதே. நமக்கு அவை கட்டியை உண்டாக்கலாம்.

கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது என்று தெரியும். பெண் பார்க்க வந்த அன்று உன் மாத்திரை டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். மலர், என் கல்யாணத்திலும் அதைத்தான் செய்தார்கள். 21 நாளைக்கு ஒரு தரம் எங்கே போகிறாய் என்று மாமியார் கேட்பாரே என்று பயந்து, ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசியை ஒரு வருஷம் போடாமலே இருந்தேன். காய்ச்சல் திரும்பி வந்தது. வால்வு மேலும் கெட்டது. உன் பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கோபப்படவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார். அந்த ஒரு வருஷத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

உனக்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. கருவுற்ற 6-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரை வார்ஃபரின் குழந்தையின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். கருத்தரிக்கும் முன்பே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பார்த்து வால்வின் நிலையை அறிந்து, ஹெப்பாரின் ஊசிக்கு எப்போது மாறுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு வரப்போகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து விலகிப்போகிறவன் போகட்டும். உன் அம்மாவிடம் இதை நானே பேசுகிறேன், அந்தப் பாரம் உனக்கு வேண்டாம்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ யாரையும் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிடு என்று உன் அறைத்தோழியிடமும் சொல்லிவை.

வருகிற வியாழக்கிழமை உனக்கு ஐ.என்.ஆர். பார்க்கும் நாள். காலை முதல் பஸ்ஸுக்கே நான் கிளம்பி வருகிறேன். நோட்டை எடுத்து வா. இன்று ராத்திரி மாத்திரையைப் போட்டதும் எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா