படலைச் சாத்தி வை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் படித்தேன். ஆறு ஏக்கர் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நாற்பது செம்மறி விடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆட்டுக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ புல்லைப் படிக்கப் பழக வேண்டும்.

காட்டுக்குள் போய் ஒரு கொழுக்கட்டைப் புல் தூருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார். இலைகளை விலக்கிப் பார். ஆடு கடித்த இலையின் நுனி மொட்டையாக இருக்கும். மொட்டை நுனியோடேயே அது மேலே எழும்பும். புல்லின் இலை நுனியில் வளர்வதில்லை, அடியிலிருந்துதான் வளர்கிறது. பக்கத்திலேயே கூர் நுனியோடு ஒன்று வந்தால், அது மேய்ச்சலுக்குப் பிறகு பிறந்த புது இலை. தூர் முழுக்க மொட்டை நுனிதான், கூர் இலை ஒன்றுகூட இல்லை என்றால், துளிர்க்கத் துளிர்க்க ஆடு கடித்துக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்துகொள்.

அதில் என்ன கெடுதல் என்கிறாயா? இலை போன பிறகு புல் தன் அடித்தண்டிலும் வேரிலும் வைத்திருக்கும் சத்தை எடுத்துத்தான் புது இலை விடுகிறது. அந்த இலை விரிந்து, வெயிலில் சமைத்து, எடுத்த சத்தைத் திருப்பி வைக்கச் சில வாரம் ஆகும். அதற்குள் மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும். நாலைந்து தடவை இப்படி ஆனால் அந்தத் தூர் அடுத்த மழைக்கு எழுந்திருக்காது.

செம்மறியின் வாய் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். மாடு நாக்கால் சுருட்டி இழுப்பதால் கொஞ்சம் அடிக்கட்டையை விட்டுவிடும். செம்மறிக்கு மெல்லிய, பிளந்த மேலுதடு. மண்ணோடு ஒட்டக் கறிக்கும். அதோடு, நேற்றுக் கடித்த இடத்தில் இன்று வந்திருக்கும் இளந்துளிரைத்தான் தேடிப் போகும். முழங்கால் உயரம் முற்றிய புல் பக்கத்தில் நின்றாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் வருடம் முழுக்கத் திறந்து கிடக்கும் காட்டில் பத்து ஆடு இருந்தாலே போதும், நல்ல தூராகப் பார்த்து ஒவ்வொன்றாக அழித்துவிடும். வேண்டாத செடி மட்டும் மிஞ்சும்.

பிரான்சில் ஆந்த்ரே வுவாசன் என்றொரு ஆராய்ச்சியாளர், பண்ணையும் வைத்திருந்தவர். புல்லின் விளைச்சல் பற்றி 1957-இல் ஒரு நூல் எழுதினார். மேய்ச்சலை ஆட்டு எண்ணிக்கையால் மட்டும் அளக்காதே, நாளால் அள என்பதுதான் அதன் சாரம். ஒரே இடத்தில் தங்கும் நாள் குறைவாக இருக்க வேண்டும். விட்டுப்போன இடம் முழுதாகத் தேறும்வரை திரும்பி வரக் கூடாது. எங்கோ குளிர்நாட்டுப் பசும்புல்லை வைத்துச் சொன்னதுதான், ஆனாலும் நம் செம்மண் சரளைக்கும் அப்படியே பொருந்துகிறது.

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துப் பெரியவர்கள் இதற்கு வேண்டிய பாதி வேலையை முன்பே செய்து வைத்துவிட்டார்கள். காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும். மழை மறைவுப் பிரதேசத்தில் வேளாண்மை பொய்த்தாலும் கால்நடை பிழைத்தது இந்த வேலியால்தான். இன்று பல காடுகளில் வேலி நிற்கிறது, வாசல் படல் மட்டும் வருடம் பூராவும் திறந்து கிடக்கிறது. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. வேலி என்பது ஆடு வெளியே போகாமல் இருக்க மட்டுமா? உள்ளே வராமல் இருக்கவும்தான்.

உன் காடு ஏற்கெனவே கிளுவை வேலியால் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் நைலான் வலை கட்டி மூன்றாக்கு. ஒன்பது துண்டு ஆயிற்று. மழைக்காலத்தில் துண்டுக்கு நாலு நாள். ஒரு சுற்று முடிய 36 நாள். ஒவ்வொரு துண்டுக்கும் 32 நாள் ஓய்வு கிடைக்கும். வலையை மாற்றும்போது தண்ணீர்த் தொட்டியையும் இடம் மாற்று. ஆடு தண்ணீரும் நிழலும் இருக்கும் இடத்தில்தான் புழுக்கை போடும். தொட்டி ஒரே இடத்தில் இருந்தால் எரு முழுக்க அங்கேயே குவிந்துவிடும்.

நாலு நாள் என்று சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு: குடற்புழு. ரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவின் முட்டை புழுக்கையோடு விழுகிறது. வெப்பமும் ஈரமும் இருந்தால் ஏறக்குறைய ஐந்தாறு நாளில் இளம்புழுவாகிப் பனியீரத்தில் புல்லின் மேல் ஏறிவிடும். அதற்குள் நீ ஆட்டைக் கிளப்பிவிட்டால் தன் புழுவைத் தானே தின்னாது. வெப்ப நாடுகளில் அந்த இளம்புழு தீனி இல்லாமல் சில வாரங்களில் பெரும்பாலும் செத்துப்போகும். பசிபிக் தீவான டோங்காவில் 1990-களில் வெள்ளாடுகளை வைத்துச் செய்து பார்த்தார்கள்: பத்துத் துண்டு, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள். ஒரே இடத்தில் மேய்ந்தவற்றைவிட இவற்றுக்குப் புழு வெகுவாகக் குறைந்தது. இளம்புழு பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியிலேயே இருக்கும் என்பதையும் மறக்காதே. நாலு விரற்கடைப் புல்லை மிச்சம் விட்டே ஆட்டைக் கிளப்பு. தூரும் பிழைக்கும், ஆடும் பிழைக்கும்.

இதற்காகப் புழு மருந்தே வேண்டாம் என்று நினைத்துவிடாதே. வாரம் ஒருமுறை ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்சதையைப் பார். சிவப்பாக இருந்தால் விட்டுவிடு. வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மருந்து கொடு.

ஐப்பசி மழை தொடங்கும்போதுதான் உனக்குச் சோதனை. முதல் மழைக்கே காடு பச்சை கட்டும், ஆடும் கத்தும். அப்போது படலைத் திறக்காதே. அந்தத் துளிர் முழுக்க வேரின் கடைசிச் சேமிப்பில் வந்தது. ஒரு சாண் உயரம் வரும்வரை பட்டியிலேயே சோளத்தட்டுப் போடு. திடீரென்று இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும்; காலையில் துள்ளிக்கொண்டிருந்த ஆடு மாலையில் இருக்காது. மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்.

தை பிறந்து புல் வளர்வது நின்றதும் நாலு நாள் கணக்கைக் கட்டிக்கொண்டு அழாதே. அப்போது நாள் பார்க்க வேண்டியதில்லை, நாலு விரற்கடை மட்டும் பார். புல் அந்த அளவுக்கு இறங்கியதும் ஆட்டை அடுத்த துண்டுக்கு மாற்று. கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து கொஞ்சம் கைகொடுக்கும். ஒன்பது துண்டும் மேய்ந்து முடிந்துவிட்டால் மறுசுற்று விடாதே. பட்டியில் தட்டுப் போடு, இல்லையென்றால் கெடாக்குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிவிடு. விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் அந்த ஏற்றத்துக்கான விலையைக் காடுதான் கொடுக்கும்.

இனி உன் கேள்வி. முப்பது கிலோ தாயாடு ஒன்று நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ காய்ந்த தீவனத்துக்குச் சமமாகத் தின்னும். நாற்பது ஆடு என்றால் வருடத்துக்கு 14 டன்னுக்கு மேல். விளைந்ததில் பாதியைத் தூருக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார். மானாவாரியில் உன் ஆறு ஏக்கர் அதைத் தராது. இருபது தாயாடும் ஒரு கெடாவும் போதும். அதற்கும் கோடையில் தட்டு வாங்க வேண்டிவரும், பணத்தை இப்போதே ஒதுக்கி வை. இரண்டு மழை பார்த்த பிறகு, தூர் பெருத்திருந்தால், அப்போது கூட்டிக்கொள்ளலாம். இந்த வருடம் இருபதுக்கு மேல் வாங்காதே.

அன்புடன்,
பெரியப்பா