கலெக்டர் கச்சேரி எங்கே இருந்தது?

கள்ளக்குறிச்சி

அன்புள்ள மருமகனுக்கு மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.

கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூரில் உன் பள்ளித் தோழர்களைக் கொண்டு வினாடி வினா நடத்திப் படம் பிடிக்கப் போவதாக எழுதி, கூடவே நீ அனுப்பியிருந்த கேள்விகளைச் சாவகாசமாகப் படித்துப் பார்த்தேன். "கரியாலூர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது?" என்பது உன் முதற்கேள்வி. தெரிந்தவன் உடனே சொல்லிவிடுவான். தெரியாதவன் யோசிக்க அதில் ஒரு பிடிமானமும் இல்லை. கல்வராயன் மலை எங்கே இருக்கிறது என்ற அடுத்த கேள்வியோ, மலை சேலம் மாவட்டத்திலும் நீண்டு கிடப்பதால், இருவர் இரண்டு விடை சொல்லிச் சண்டை பிடிப்பதற்கே உபயோகப்படும்.

அதே விஷயத்தைச் சற்றுத் திருப்பிக் கேட்டுப் பார்: "1990-ஆம் ஆண்டில் கரியாலூர்க்காரர் ஒருவர் மாவட்டக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க எந்த ஊருக்குப் போயிருப்பார்?" கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல்தான் தனி மாவட்டமாயிற்று என்பதும், அதுவரை நாம் விழுப்புரத்தோடு இருந்தோம் என்பதும், அந்த விழுப்புரமே 1993-இல்தான் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்து, தென்னார்க்காட்டின் தலைநகரம் கடலூர் அல்லவா என்று பையன் எட்டிப் பிடிக்கும்போது, மலைவாசி ஒருவர் மனுவும் கையுமாகச் சமுத்திரக்கரை வரை போகவேண்டியிருந்த விசித்திரம் கேட்பவர் எல்லோருக்கும் புலப்படுகிறது. வருஷத்தைச் சொல்லிவிட்டபடியால், நாளை இன்னொரு மாவட்டம் முளைத்தாலும் விடை மாறாது.

உடன் வைக்கும் தவறான விடைகளில்தான் மெய்யான சாமர்த்தியம் இருக்கிறது. சென்னை என்று வைத்தால் ஒருவனும் ஏமாறமாட்டான். சேலம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று வைத்தால், ஒவ்வொன்றையும் நம்புவதற்கு ஒரு நியாயம் உண்டு.

கேள்வி முழுவதும் திரையில் எழுத்தாகவும் நிற்கட்டும். கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' வினாடி வினாவில் 2020 ஜனவரியில் ஒரு கோடி ரூபாய் வென்ற மதுரை கௌசல்யா கார்த்திகா, காது கேளாத, வாய் பேச இயலாத பெண்மணி. செவியை மட்டுமே நம்பும் போட்டி அப்பேர்ப்பட்ட அறிவாளியை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கேள்வி கேட்பவனாகிய உன்னை அதிகம் காட்டாதே (உனக்கு வருத்தந்தான்). யோசிப்பவன் முகத்திலேயே கேமரா நிலைத்திருக்கட்டும். அந்த யோசனையும் மெய்யாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில், கண்ணாடி அறைக்குள் நின்று முகத்தைச் சுளித்துச் சிந்தித்துத் தேசம் முழுவதையும் மயக்கிய சார்லஸ் வான் டோரன், கேள்வியும் விடையும் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்தன என்று 1959-இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆகையால் ஒத்திகைக்கு வேறு கேள்விகளை வைத்துக்கொள். படப்பிடிப்பில் ஏதேனும் தவறி மறுபடி எடுக்க வேண்டியிருந்தால், கேள்வியையும் மாற்றிவிடு.

படகுத்துறையில் எடுக்க ஆசைப்படுகிறாய். பார்வைக்கு ரம்மியந்தான், ஆனால் தண்ணீரின்மேல் வீசும் காற்று மைக்கில் இரைச்சலாக விழும். ஜன்னல் வெளிச்சமுள்ள வகுப்பறையே உசிதம்.

திருத்திய கேள்விகளை மறுபடி அனுப்பு. விடைகளை மட்டும் அனுப்பாதே; எனக்கு எத்தனை தெரிகிறதென்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் மாமன்