சாதாரண மனிதனும் அவன் காலமும்: ஹெந்தளை தொழுநோய் வைத்தியசாலை

மாணவர்களே, “வரலாற்று நிகழ்வுகள் பொதுமக்களின் வாழ்வைப் பாதித்த விதத்தை விளக்குக” என்று கேட்டால், பலர் ஆண்டுகளை நிரையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அந்த ஆண்டில் ஒரு மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதே இங்கு கேட்கப்படுவது. கொழும்புக்கு வடக்கே, களனி கங்கைக்கு அப்பால் உள்ள ஹெந்தளையை எடுத்துக்கொள்வோம்.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1708இல் இங்கு தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலையை அமைத்தனர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். 1897இல் பேர்லின் மாநாடு நோயாளரைத் தனிமைப்படுத்தும்படி பரிந்துரைத்தது. இந்தப் பின்னணியில் 1901இல் இலங்கையில் தொழுநோயாளர் கட்டளைச்சட்டம் வந்தது. நோயாளரைப் பிரித்துத் தடுத்துவைக்க அது அதிகாரம் அளித்தது. (பெரும்பாலானோருக்கு இந்நோய்க்கு இயற்கையாகவே எதிர்ப்பாற்றல் உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று.)

இனி, 1921இல் கொட்டாஞ்சேனையில் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்வோம். ஆள் கற்பனை, ஆண்டுகள் மெய்யானவை. ஆகவே பரீட்சையில் இவரைச் சான்றாக எழுதிவிட வேண்டாம்.

1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது இவருக்கு வயது 10. 1940இல் தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு தெரிகிறது. ஹெந்தளைக்கு அனுப்பப்படுகிறார். அவர் செய்த குற்றம் எதுவுமில்லை, ஆயினும் வீடு திரும்பும் நாள் எதுவென்று தெரியாது. அக்காலத்தில் பல நாடுகளிலும் கொடுக்கப்பட்ட மருந்து நீரடிமுத்து எண்ணெய். ஊசியாக ஏற்றினால் வலி மிகும், பலனோ சொற்பம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவர் சில கிலோமீற்றருக்கு அப்பால் அடைபட்டிருந்தார்.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. 1901ஆம் ஆண்டுச் சட்டமோ அன்றுடன் நீங்கவில்லை. எனவே இந்த மனிதனின் கணக்கில், 1941இல் அமெரிக்காவில் கார்வில் வைத்தியசாலையில் முதன்முதல் பரிசோதிக்கப்பட்ட சல்போன் மருந்தே பெரிய நிகழ்வு. நோய் குணமாகலாம் என்ற நிலை அதன் பின்னரே தோன்றியது.

1983ஐ நாம் யூலைக் கலவரத்தால் நினைவு கூருகிறோம். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை இலங்கையில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது 62. நோய் குணமானாலும் மரத்துப்போன விரல்களும் 43 வருடப் பிரிவும் மருந்தால் மாறுவனவல்ல. திரும்பிச் செல்ல வீடு இருந்ததா என்பது வேறு வினா.

கவனிக்க: “சட்டம் இருந்தது” என்பது சான்று. “அவர் துன்புற்றார்” என்பது அதிலிருந்து நாம் பெறும் ஊகம். விடையில் இரண்டையும் பிரித்துக் காட்டினால் தெளிவு கூடும்.

பயிற்சி வினாக்கள்
1. 1873, 1897, 1901 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளுக்கிடையிலான தொடர்பை விளக்குக.
2. உமது ஊரில் 1948இற்கு முன் பிறந்த ஒருவரிடம் கேட்டறிந்து, அவரது வாழ்வை மாற்றிய இரு ஆண்டுகளைக் குறிப்பிடுக. அவை பாடநூலில் உள்ளனவா?