எச்சரிக்காத சூத்திரங்கள்: விஷார்ட் மாதிரியைக் கையாளுதல்

1973-இல் வெளிவந்த பிளாக்-ஷோல்ஸ் மாதிரி பங்கு விலையின் ஏற்ற இறக்க வீதத்தை மாறிலியாகக் கொண்டது. 1993-இல் ஸ்டீவன் ஹெஸ்டன் அவ்வீதத்தின் வர்க்கமாகிய பரவற்படியையே, தற்செயலாக அலைந்தபடி ஒரு சராசரியை நோக்கித் திரும்பும் செயல்முறையாக்கினார். பங்குகள் பலவாகும்போது பரவற்படிகளோடு அவற்றுக்கிடையேயான ஒட்டுறவும் அலைய வேண்டியிருப்பதால், எண் இருந்த இடத்தில் ஓர் அணி வந்து அமர்கிறது. 1991-இல் மரி-ஃபிரான்ஸ் ப்ரூ ஆராய்ந்த விஷார்ட் செயல்முறை அத்தகைய சமச்சீர் அணிகளின் ஓட்டமே.

ஹெஸ்டன் மாதிரியில் பழகியவர்கள் இங்கே இடறுவது பெரும்பாலும் கோட்பாட்டில் அன்று; பொருள் அற்றுப்போன பின்னும் சூத்திரம் எண்களைத் தந்துகொண்டே இருக்கும் இடங்களில்தான். விஷார்ட் செயல்முறையின் உந்துவிசையை அளக்கும் பீட்டா என்னும் அளவுரு, அணியின் வரிசையில் ஒன்று குறைந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால், முழுத்தர அணியிலிருந்து தொடங்கும் ஓட்டம் நிலைத்திருக்க முடியாது. ஆயினும் விருப்ப ஒப்பந்தங்களின் விலைச் சூத்திரம் எவ்வித முறையீடுமின்றி விடை தருவதால், சந்தை விலைகளோடு அளவுருக்களைப் பொருத்தும் நிரலில் இவ்வெல்லையை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

உருவகப்படுத்தலில் வேறொரு மயக்கம் நேர்கிறது. இரு பங்குகளின் பரவற்படிகள் 0.04, 0.09 என இருக்க, மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்பு ஒரு படியில் 0.07 ஆகிவிட்டால், மூலைவிட்டத்தில் எதுவும் பிழையாகத் தோன்றாது. ஆனால் ஒட்டுறவு ஒன்றைத் தாண்டிவிட்டது, அணிக்கோவை −0.0013 ஆகிவிட்டது, அடுத்த படிக்குத் தேவையான வர்க்கமூலத்தை மெய்யெண்களில் எடுக்க இயலாது. எதிர்மறை ஐகன் மதிப்புகளைப் பூச்சியமாக்கும் வழக்கமான ஒட்டுவேலை சராசரியைச் சாய்த்துவிடும். அணியின் எதிர்பார்ப்பு மதிப்பு எளிய நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டால் துல்லியமாகக் கிடைப்பதால், அதனோடு உருவகச் சராசரியை ஒப்பிட்டால் சாய்வின் அளவு தெரிந்துவிடும்.

மிக நுட்பமான இடர் மடக்கையில் உள்ளது. விலை மடக்கையின் நிகழ்தகவுப் பரவலுக்குரிய ஃபூரியர் உருமாற்றமாகிய சிறப்பியல்புச் சார்பில் ஒரு கலப்பெண்ணின் மடக்கை வருகிறது. அவ்வெண்ணின் கோணம் 180 பாகையைக் கடக்கும்போது மென்பொருள் அதனை −180 பாகைக்குத் தாவச் செய்வதால், ஹெஸ்டன் எழுதிய வடிவம் நீண்ட முதிர்வுக் காலங்களில் தவறான விலை தரக்கூடும். அதற்குச் சமமான மற்றொரு வடிவம் இத்தாவலைத் தவிர்ப்பதை ஆய்வாளர் ஆல்பிரெக்கரும் வேறு மூவரும் 2007-இல் விளக்கினர். அணி மாதிரியிலோ அணிக்கோவையின் மடக்கை தேவைப்படுகிறது. அணிக்கோவையின் கோணம் ஐகன் மதிப்புகளின் கோணங்களது கூட்டுத்தொகையாதலால், அவை ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தும் கூட்டுத்தொகை எல்லை கடக்கலாம். ஆகவே, கோணம் பூச்சியமாக உள்ள தொடக்கக் கணத்திலிருந்து காலத்தைச் சிறு படிகளாக்கி, படிதோறும் அதன் மாற்றத்தைக் கூட்டிச் செல்வதே பாதுகாப்பானது. கணினி நேரம் கூடுவது பெரிய இழப்பன்று.

வரிசை ஒன்றாக இருக்கும்போது விஷார்ட் மாதிரி ஹெஸ்டன் மாதிரியாகவே சுருங்குவதால், நிரலைச் சோதிக்க அதுவே கைக்கெட்டிய உரைகல். ஆனால் அச்சோதனையைப் பத்தாண்டு முதிர்வில் செய்ய வேண்டும். ஒரு மாத முதிர்வில் பிழையான நிரலும் பெரும்பாலும் சரியான விலையையே காட்டும்.