அவரை விதை ஏமாற்றாமல் முளைக்க...

* ஆடிப் பட்டத்துக்கு ஏற்றது பந்தல் அவரை. அப்போது ஊன்றினால், பகல் பொழுது குறையும் மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பட்டம் தவறினால் செடி அவரை ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

* வண்டு துளைத்தது, சுருங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். பழைய விதையா? 10 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஐந்தாறு நாளில் ஏழெட்டாவது முளைவிட்டால் நம்பி ஊன்றலாம்.

* ஊறவைப்பதானால் 6 மணி நேரம் போதும். இரண்டு நாள் தண்ணீரிலேயே கிடந்தால் விதை கொழகொழத்து, தோல் உரிந்து அழுகிவிடும்.

* ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்க்க இது உதவும்.

* விரல்கணு ஆழத்தில், குழிக்கு மூன்று விதை ஊன்றுங்கள். முளைத்த பிறகு திடமான இரண்டை விட்டு, நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிப்போகும்.

* தொட்டியில் முளைக்கவிட்டு மாற்றுவதைவிட நேரடியாக ஊன்றுவதே நல்லது. இடமில்லையென்றால், அடியில் துளையிட்ட கொட்டாங்குச்சியில் வளர்த்து, இரண்டு இலை விரிந்ததும் வேர்மண் உதிராமல் நடுங்கள்.

* தினமும் குடம் குடமாக ஊற்ற வேண்டாம். மேல்மண் காய்ந்தால் மட்டும் பூவாளியில் தெளியுங்கள்.

* முளை தலைகாட்டும்போது அணிலும் மைனாவும் கொத்த வரும். சுற்றி முள்குச்சி செருகினாலோ, பழைய கூடையைக் கவிழ்த்து வைத்தாலோ தப்பிக்கும்.