பூச்சிக்கு எதிரி பூச்சியே: பப்பாளித் தோட்டத்திலிருந்து கிட்டங்கிக்கு ஒரு பாடம்

பாசிப்பயறு மூட்டையின் வாயைப் பிரித்ததும் பழுப்பு நிற வண்டுகள் மேலேறி வருவதைப் பார்க்காத மளிகை வியாபாரி நம்மில் இருக்க முடியாது. அந்த நேரத்தில் நம் கை முதலில் தேடுவது மருந்தைத்தான். வந்திருப்பது எந்தப் பூச்சி, எங்கிருந்து வந்தது, எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே மருந்து வந்துவிடுகிறது. இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் சில ஆண்டுகளுக்கு முன் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் கற்ற பாடம் நம் கிட்டங்கிக்கும் பொருந்தும் என்பதால் அதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாவுப்பூச்சி

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவு தூவியதுபோல் ஒரு பூச்சி காணப்பட்டது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்னும் பப்பாளி மாவுப்பூச்சி அது. அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1990-களில் கரீபியன் தீவுகளில் பரவி, 1998-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை எட்டி, பிறகு பசிபிக் தீவுகளுக்கும் போய், 2008-இல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா மூன்று நாடுகளிலும் தலைகாட்டியது.

பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. அது பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, கத்தரி, செம்பருத்தி, தேக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது. சாலையோரத்துப் பார்த்தீனியச் செடியிலும் தங்கிப் பெருகியது. ஒரு பெண் பூச்சி பஞ்சுபோன்ற பைக்குள் 100 முதல் 600 முட்டைகள் வரை இடும். சுமார் பத்து நாளில் அவை பொரிந்து, குஞ்சுகள் காற்றிலும், எறும்புகள் மூலமாகவும், நாற்றோடும், கூடையோடும் அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேரும். சாறு குடித்தது போக அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து, காய் விற்பனைக்கு உதவாமல் போகும். கொள்முதலுக்குப் போன பழ வியாபாரி வெறும் வண்டியோடு திரும்பியதும், மல்பெரி இலையை நம்பிய பட்டுப்புழு வளர்ப்பாளர் கலங்கி நின்றதும் அந்த ஆண்டுகளில்தான்.

மருந்து ஏன் பலிக்கவில்லை?

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. ஒரு மருந்து பலிக்காவிட்டால் இன்னொன்று, அதுவும் பலிக்காவிட்டால் இரண்டையும் கலந்து என்று அடித்துப் பார்த்தார்கள். செலவு ஏறியதே தவிரப் பூச்சி குறையவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பூச்சியின் உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சு. மருந்துத் தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். முட்டைப் பைக்குள் இருப்பவற்றை மருந்து தொடுவதே இல்லை.

இரண்டாவது, மருந்து அடிக்கிற தோட்டத்துக்கு வெளியே வேலியிலும் களையிலும் பூச்சி பத்திரமாக இருந்தது. இன்று சுத்தம் செய்த தோட்டத்தில் பதினைந்து நாளில் மறுபடியும் குடியேறியது.

மூன்றாவதுதான் முக்கியமானது. பூச்சியைத் தின்னும் நம் ஊர் உயிரினங்கள் மருந்தில் முதலில் செத்தன. திருடனைப் பிடிக்க வந்த காவலனை நாமே கட்டிப்போட்ட கதையாயிற்று. மல்பெரியிலோ மருந்து அடிக்கவும் வழியில்லை. அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவே மடிந்துவிடும்.

பொன்வண்டு போன்ற ஒரு சிறு வண்டையும் விட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரிப்டோலீமஸ் என்னும் அந்த வண்டு 1898-இலேயே காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எந்தப் பூச்சிக்காக வந்ததோ அதை அது அடக்கவில்லை. ஆனால் மாவுப்பூச்சி வகைகளைத் தின்று இங்கேயே நிலைத்தது. திராட்சை, காப்பித் தோட்டங்களில் நல்ல பெயர் வாங்கிய அந்த வண்டாலும் பப்பாளி மாவுப்பூச்சியின் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

சரியான எதிரி

அறிஞர்கள் பிறகு வேறு விதமாக யோசித்தார்கள். இந்தப் பூச்சி தன் தாயகமான மெக்சிகோவில் ஏன் இப்படிப் பெருகவில்லை? அங்கே அதற்கென்றே பிறந்த எதிரி இருக்கிறது. பூச்சி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. எதிரி ஊரிலேயே தங்கிவிட்டது.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி நிலையம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை 2010 ஜூலையில் வரவழைத்தது. வந்ததும் வெளியே விட்டுவிடவில்லை. பூட்டிய ஆய்வுக்கூடத்தில் வைத்து, வேறு நல்ல பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்த பின்னரே அனுமதி கிடைத்தது. 2010 அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தோட்டங்களில் விடப்பட்டன.

மூன்றில் முன்னுக்கு வந்தது அசரோஃபேகஸ் பப்பாயே. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் இளங்குஞ்சைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, வெறும் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளிவரும். விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள். கேட்டவர்கள் பலன் கண்டார்கள். சில மாதங்களுக்குள் பூச்சி வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு பப்பாளியும் மல்பெரியும் பழையபடி தழைத்தன. குளவி தானே பெருகித் தானே பரவியதால் ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

சாயச் சரக்கும் சப்பாத்திக்கள்ளியும்

எதிரியைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வியாபாரிகள் ரசிக்கத்தக்க பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோ நாட்டின் சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினில் பூச்சியிலிருந்து கிடைத்தது. அந்த வியாபாரத்தில் பங்கு பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த ரகம் அல்ல. அதைப் போலவே தோற்றம் கொண்ட காட்டு ரகம். சாயம் தேறவில்லை. மாறாக, அது ஏறிய கள்ளியெல்லாம் பட்டுப்போயிற்று.

சாயத்துக்கு உதவாத அந்தச் சரக்கு வேறொன்றுக்கு உதவியது. நிலங்களில் மண்டிக்கிடந்த அந்தக் கள்ளியை அழிக்க 1836-38 ஆண்டுகளில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், பலித்தது. பிறகு இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளி பெருகியபோது இந்தப் பூச்சி அதைத் தொடவில்லை. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு இனத்தைக் கொண்டுவந்து விட்ட பிறகே தென்னாட்டு நிலங்கள் அந்தக் கள்ளியிலிருந்து மீண்டன. கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பூச்சிக்குப் பூச்சி வேறு, அதன் வேலையும் வேறு. மாதிரி பார்க்காமல் சரக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கிட்டங்கியில்

இனி நம் மூட்டைக்கு வருவோம். நம்மிடம் வருபவை பெரும்பாலும் நான்கு.

1. பயறு வண்டு: முழுப் பயறு, தட்டை, கொண்டைக்கடலையில் வரும். பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளிபோல் முட்டை ஒட்டியிருக்கும். உட்புறம் தின்று வட்டத் துளையிட்டு வெளிவரும். உடைத்த பருப்பில் இதன் தொல்லை குறைவு.

2. அரிசி வண்டு: முன்பக்கம் நீண்ட மூக்கு உண்டு. அரிசி, கோதுமை, சோளத்தின் மணிக்குள்ளேயே வளரும்.

3. மாவு வண்டு: செம்பழுப்பு நிறம். மைதா, ரவை, உடைந்த நொய், தூசியில் பெருகும். முழு மணியை இதனால் எளிதில் துளைக்க முடியாது. ஆகவே சலித்துத் தூசி நீக்கினாலே பாதிக்குமேல் அடங்கும்.

4. அந்துப்பூச்சி: இதன் புழு நூலாம்படை கட்டி மணிகளை ஒன்றோடொன்று பின்னிவிடும்.

பயறு மூட்டையில் வண்டோடு கூட மிகச் சிறிய கரிய குளவிகள் பறப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு பூச்சி என்று நசுக்கியிருப்போம். உண்மையில் அது பயற்றுக்குள் இருக்கும் வண்டின் புழுவைத் தேடி அழிக்கும் ஒட்டுண்ணி. பயற்றை அது தின்பதில்லை.

அப்படியானால் கடையிலும் குளவியை விட்டுவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பதே பதில். தோட்டம் வேறு, கடை வேறு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டப்படி புழு, வண்டு, பூச்சி தாக்கிய உணவு பாதுகாப்பற்ற உணவு ஆகும். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்ல முடியாது. குளவி தெரிந்தால் உள்ளே வண்டு முன்பே குடியேறிவிட்டது என்று பொருள். அந்த மூட்டையை அன்றே தனியே பிரித்து வையுங்கள். குளவி நமக்குத் தரும் முன்னறிவிப்பு அது.

உயிருக்கு ஆபத்தான வழி

இந்தக் கட்டுரையின் நோக்கமே இனி சொல்லப்போவதுதான். மூட்டைக்கு இடையில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அரசு நிறுவனங்களும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே, தேர்ச்சி பெற்றவர் மேற்பார்வையில் கையாள வேண்டிய பொருள் அது. கடைக்குப் பின்னாலோ மேலேயோ குடும்பம் குடியிருக்கும் அமைப்பு நம் ஊரில் சகஜம். கதவிடுக்கு, மரத்தளத்தின் இடுக்கு வழியாக வாயு படுக்கையறைக்குப் போய்விடும். 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டின் மூடிய அறையில் உறங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். ஒரு மூட்டைப் பயறு நட்டமானால் அடுத்த வாரம் ஈட்டிக்கொள்ளலாம். இந்த நட்டத்தை எதைக்கொண்டு ஈடுசெய்வது?

செய்ய வேண்டியவை

• பழைய சாக்கை உதறி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். வண்டின் வாகனமே பழைய சாக்குதான்.
• மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். ஒளிந்திருக்கும் மூலை தெரியவேண்டும்.
• முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். நம் ஊர் வெப்பத்தில் பயறு வண்டுக்கு ஒரு தலைமுறை வளர ஏறக்குறைய ஒரு மாதம் போதும். மூலையில் மறந்த ஒரு மூட்டை கிட்டங்கி முழுவதையும் கெடுக்கும்.
• தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறியைத் தானியத்துக்குள் செருகி வையுங்கள். காற்றைத் தேடி நகரும் வண்டு துளை வழியே உள்ளே விழுந்து அடியில் சேரும். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் எந்தப் பூச்சி, எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.
• புகைமூட்டம் அவசியமானால் அனுமதி பெற்றவரை அழையுங்கள். ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். சரக்கை வேறிடத்துக்கு மாற்றிச் செய்யுங்கள்.

முள்ளை முள்ளால் எடு என்பார்கள். ஆனால் எந்த முள், எவ்வளவு ஆழம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் மருந்து அடித்து முடியாததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி முடித்தது. அதற்கு முன் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, வந்திருப்பது எந்தப் பூச்சி என்று பார்த்திருந்தார். அடுத்த முறை மூட்டையில் வண்டு தெரிந்தால், அதில் நான்கைந்தை எடுத்து வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். மூக்கு நீண்டதா, உடல் செம்பழுப்பா, பயற்றில் வெள்ளைப் புள்ளி உண்டா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். என்ன செய்வது என்ற முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.