மரவடிவ மூலக்கூறு

காற்று வீசுங்கால் ஆலமரத்தின் அடி அசைவதில்லை. கவடு சிறிதே அசையும். நுனிக் கொம்போ ஓயாது ஆடும். கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூறுகளுள்ளும் இத்தகைய மரங்கள் உள.

அணுக்கள் பல்லாயிரம் கோத்துப் பிணைந்த நெடிய மூலக்கூறுகள் உண்டு என்று ஜெர்மானிய அறிஞர் ஸ்டவுடிங்கர் 1920-ஆம் ஆண்டில் எழுதியபொழுது, அதனை ஒப்பாதார் பலர். அவர் கூற்றே நிலைபெற்றது. 1953-இல் நோபல் பரிசும் அவரை நாடி வந்தது. இவற்றைப் பலபடிகள் என்பர். நூல்போல் நீள்வனவும் கிளைப்பனவும் அவற்றுள் உண்டு. ஒவ்வொரு நுனியும் இரண்டாகக் கவைத்து வளரும் மூலக்கூற்றுக்கு, மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று, ‘டென்ட்ரிமர்’ என்னும் பெயரை அமெரிக்க அறிஞர் டொமாலியா 1985-இல் வழங்கினார். நான்கு கிளையோடு தொடங்கினால் நுனிகள் 8, 16, 32, 64 எனப் பெருகும். இடமோ அவ்வளவு பெருகாது. அந்நெருக்கத்தில் நுனிகள் அசைவற்றுப் போமா? உள்ளே பொந்து இருக்குமா? மருந்தை அதனுள் வைத்து உடலுட் செலுத்த விழைவார்க்கு இது சிறிய வினா அன்று.

விடை காண உதவுவது காந்த ஒத்ததிர்வு. பிளாக், பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே 1946-இல் இதனை வெளியிட்டனர். ஹைட்ரஜன் அணுக்கருவும், கார்பனில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாகிய கார்பன்-13 என்பதன் கருவும் சிறு காந்தங்கள் போல்வன. வலிய காந்தத்தின் நடுவே அவை ஒருமுகப்படும். தக்க வானொலி அலை பட்டால் நிலை குலையும். அலை நின்றபின் பழைய நிலைக்கு மீளும். மீளுங்காலமே தளர்வுக்காலம். நுனியிலுள்ள கரு ஏற்கும் அலையும் அடியிலுள்ள கரு ஏற்கும் அலையும் சிறிது வேறுபடுதலின், ஒவ்வோரிடத்துக் காலத்தையும் தனித்தனியே அளக்கலாம்.

கரு தானே மீளாது. சுற்றியுள்ள அணுக்களின் அசைவே அதனை மீட்கும். ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவார்போல, அசைவின் வேகம் கருவின் அதிர்வோடு ஒத்தால் மீட்சி விரைவாம். அசைவு மிக மெதுவாயினும் காலம் நீளும். மிக விரைவாயினும் நீளும். ஆதலின் நீண்ட காலத்தைக் கண்ட மாத்திரத்தில் ‘இவ்விடம் அசைவற்றது’ என முடிவு கட்டுதல் பிழை. சூடேற்றிப் பார்த்தல் வேண்டும். சூட்டால் காலம் மேலும் நீண்டால் அசைவு விரைந்தது, குறுகினால் மெதுவானது. புளூம்பர்கன், பர்செல், பவுண்டு என்னும் மூவர் 1948-இல் இதற்குக் கணக்கு வகுத்தனர்.

இவ்வாறு அளந்தபொழுது, மரத்திற் போலவே, அடிப்பகுதி மந்தமாகவும் நுனி விரைவாகவும் அசையக் கண்டனர். ஆயினும் உவமை முற்றும் பொருந்துவதன்று. நுனிகளெல்லாம் புறத்தே செறியும் என டி ஜென், ஹெர்வே ஆகியோர் 1983-இல் கருதினர். லெஸ்கானெக்கும் முத்துக்குமாரும் 1990-இல் கணிப்பொறியால் கணித்து, நுனிகள் உள்நோக்கியும் மடங்கும் என்றனர். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இக்கருத்துக்கே துணைநின்றன. புறத்தே ஓடும் அகத்தே வெறும் பொந்துமாக அம்மூலக்கூறு அமைவதில்லை. நுனிகள் சில வெளியே ஆட, சில மடங்கி வந்து தம் கிளைகளின் இடையே புகுந்திருக்கின்றன.